ஏழாவது இயர்போன்

இல்லம்மா, உன் போனைப் பாக்கல. உன் காதுல கெடக்குதே, அது என்ன ரகம்னுதான் எட்டிப் பாத்தேன். அதுக்குப் போயி நீ எதுக்குக் கழட்டுற? சரி, கழட்டுனதும் நல்லதுதான், இப்படி ஒரு நாளு எனக்கு இனிமே எப்ப வாய்க்கும், யார்கிட்டயாவது சொல்லலைன்னா வெடிச்சுருவேன். எங்க எறங்குற, அவனியாபுரமா? நான் அதுக்கு முன்னாடி, வில்லாபுரம் ஹவுசிங் போர்டு. பெரியார் ஸ்டாண்டுல இந்த பஸ்ஸு எப்படியும் கால் மணி நேரம் நிக்கும். நேரமிருக்கு.

உன்னது காதுக்கு வாசல்லயே உக்காந்திருக்கிற ரகம். குத்தமா சொல்லல. பாட்டும் வரும், ஹாரனும் வரும், கண்டக்டரும் உள்ள வருவாரு. இந்தா பாரு, நான் வாங்கியிருக்கிறது. இது உள்ள போயி, பாட்டிலுக்கு மூடி போட்ட மாதிரி அடைச்சுக்கிரும். முனையில இருக்குல்ல, இது ரப்பர் இல்ல, பஞ்சு. விரல்ல நசுக்கி, இன்னொரு கையால காத மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு விடணும். உள்ள போயி அது மெதுவா உப்பும். அது உப்புறப்ப ஊரே பைய அடங்கும் பாரு, ஆத்துல முங்குன மாதிரி. காலையில வரைக்கும் எனக்கு இதெல்லாம் வெறும் வயருதான். இப்பக் கேளு, பரிட்சை எழுதுவேன்.

எனக்கில்லம்மா. எங்க வீட்டுக்காரருக்கு. இன்னைக்கு எங்களுக்குக் கல்யாண நாளு, இருபத்தாறு வருசமாச்சு. மரியராஜ் மாஸ்டர்னா எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். மிஷன் ஸ்கூல்ல கிளார்க்கா இருந்து போன வருசம் ரிட்டயர்டு. ஆனா மாஸ்டர்னு பேரு அதனால வரல, மாதா கோயில்ல பாட்டுக் குழுவுக்கு அவருதான் மாஸ்டரு. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு காபியக் குடிச்சுட்டு ஹால்ல உக்காந்து போன்ல பாட்டுக் கேப்பாரு. சாமிப் பாட்டு, சினிமாப் பாட்டு, கச்சேரி, வித்தியாசம் கெடையாது. சுதி சுத்தமா இருக்கணும், அம்புட்டுத்தான். அந்நேரம் மிக்சி ஓடுனா தாங்கிக்குவாரு. குக்கரு கத்துனாலும் தாங்கிக்குவாரு. ஒரே ஒரு சத்தம் மட்டும் ஆகாது. ஒரு பொம்பளக் குரலு. பாடுற குரலு. அது கேட்டுச்சோ, பாட்ட நிறுத்திட்டு சுண்டுவிரல எடுத்துக் காதுல வச்சுக்குவாரு. இன்னைக்கு ஆறு மணிக்கு அந்தக் குரலு அவரு காதுக்குள்ள போகக் கூடாது. அதுக்குத்தான் இம்புட்டு அலைச்சல்.

மாமியாரா? இத வித்த கடைப் புள்ளையும் இதத்தான் கேட்டா. அவுக போயிச் சேந்து பதினோரு வருசமாச்சும்மா. இருந்தப்பவும் ஜெபமாலை சொல்றதோட சரி. நாத்தனாரும் இல்ல. பக்கத்து வீடா? பக்கந்தான், ரொம்பப் பக்கம். பொறு, வருது.

மொதல்ல காது அளவு வேணும்ல. சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு அளவு இருக்குன்னு எங்க மக ஷெரின் போன்ல சொல்லிட்டா. அவ கோயம்புத்தூர்ல வேலை பாக்குறா. அப்பாகிட்டயே கேளேன்ங்குறா. கேட்டா எதுக்குன்னு கேப்பாரே. போன ஞாயித்துக்கிழம கறிக்கொழம்பு சாப்பிட்டுட்டு மனுசன் அசந்து தூங்குறாரு. நான் என்ன செஞ்சேன், சப்பாத்தி மாவுல கிள்ளி, எண்ணெய் தொட்டு, பைய அந்த இடது காதுக்குள்ள வச்சு அமுக்கிட்டேன். சிரிக்காத, பல்லு டாக்டரு அச்சு எடுக்கல? அதே மாதிரிதான். எடுக்கப் போறப்ப முழிச்சுக்கிட்டாரு. காதுல எறும்புங்க, எடுத்துட்டேன்னேன். எங்க காட்டுன்னாரு. நசுக்கிப் போட்டுட்டேன்னேன். அன்னைக்குச் சாயங்காலம் கட்டிலச் சுத்தி மஞ்சத் தூள் தூவுறாரு பாவம். மாவு அச்சு மூணு நாளு இட்லி மாவுக்குப் பக்கத்துல ஃபிரிட்ஜுல இருந்துச்சு.

இன்னைக்கு அத ஒரு தீப்பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டு போனேன். சிம்மக்கல்லுல, வாசல் பூராம் போன் கவரா தொங்குமே, அந்த மாதிரி ஒரு கடை. உள்ள ஒரு புள்ள, பாண்டிச்செல்வின்னு பேரு, நல்ல தெளிவு. தீப்பெட்டியத் தெறந்து காட்டுனா, இது என்னக்கா கொழுக்கட்டையாங்குறா. ஒரு காதும்மான்னேன். ஒரு நிமிசம் என்னைப் பாத்தா. அப்புறம் எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாத்து, நடுத்தரம், இடது காதுன்னு சொன்னா பாரு, அங்கயே அவளப் பிடிச்சுப் போச்சு.

என்ன சத்தத்தக்கா அடைக்கணும்னு கேட்டா. அதுலயே ரெண்டு வகை இருக்காமே. ஒண்ணு பேட்டரில ஓடுறது. அது ஃபேன் சத்தம், பஸ்ஸு உறுமல் இதையெல்லாம் நல்லா அமுக்கிருமாம், ஆனா பேச்சுக் குரலு கொஞ்சம் ஒழுகுமாம். குரல நிறுத்தணும்னா காத இறுக்க அடைக்கிறதுதான் சரின்னா. சரி, எடு, எல்லாத்தையும் போட்டுப் பாத்துருவோம்னேன்.

அப்ப எப்படிச் சோதிக்கிறது? நான் மாட்டிக்கிட்டா என்ன தெரியும்? அவள மாட்டச் சொன்னேன். ஒரு பாட்ட அளவான சத்தத்துல ஓட விட்டுக்கிட்டு நிக்கணும் அவ. நான் எதுத்தாப்புல நின்னு சத்தம் போடணும். கேட்டா அவ கையத் தூக்கணும். மொதல்ல ஒரு செபம் சொன்னேன். அது பேச்சுக் குரலாப் போச்சு. அடைக்க வேண்டியது பாட்டுக் குரலுல்ல? கடையில வேற யாரு பாடுவா? கண்ண மூடுனேன். கோயில்ல நன்மை வாங்குற நேரத்துல, அதான் சாமியாரு அப்பம் குடுக்குறப்ப, பாடுற பாட்டு ஒண்ண எடுத்து விட்டேன்.

கையத் தூக்கிட்டா. கேக்குதுக்கா.

ரெண்டாவது மாட்டுனா. அதுவும் கேக்குது. சார்ஜர் வாங்க வந்த ஒரு ஆளு, எனக்கும் நல்லாக் கேக்குதுங்குறாரு. மூணாவது, பேட்டரி ரகம். ஃபேன் நின்னுருச்சுக்கா, நீங்க நிக்கலங்குறா. நாலாவதுல மேல எடுக்குற எடம் மட்டும் கேட்டுச்சாம். அஞ்சாவதுக்கு வாரப்ப எனக்கு வெக்கமெல்லாம் எங்கயோ போயிருச்சும்மா. நிசமாத்தான் சொல்றேன். தெருவுல வெங்காய மூட்டையோட போன லோடுமேன் அண்ணே, மூட்டைய எறக்காமக் கொள்ளாம அப்படியே வாசல்ல நிக்கிறாரு. கழுத்து வலிக்கும்ணே, போங்கன்னேன். நீ முடிம்மா, போறேன்னாரு.

ஆறாவதுல ரப்பர் நழுவிருச்சு. ஏழாவது இது. பஞ்ச நசுக்கி, காதத் தூக்கி, மாட்டிக்கிட்டு நின்னா. நான் தொடங்குனேன். அசையல. மேல போனேன், இன்னும் மேல போனேன். செவுரு மாதிரி நிக்கிறா. சரி கெடைச்சிருச்சுன்னு நிறுத்தியிருக்கணும் நானு. நிறுத்த மனசு வரல. மூணாவது அடி, நாலாவது அடின்னு போயிக்கிட்டே கண்ணத் தெறந்து பாத்தா, அவ கை பைய மேல போயி ஒரு காதுல இருந்தத கழட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது. எனக்குச் சப்புன்னு போச்சு. இதுலயும் கேக்குதாடி, ஏன் கையத் தூக்கலன்னேன்.

கேக்கலக்கா, அதான் கழட்டுனேன், கேக்கணும் போல இருந்துச்சுன்னா.

அம்புட்டுத்தாம்மா சொன்னா. சொல்லிட்டு, பில்லு போடவாக்கான்னு போயிட்டா. அதுல இருந்து எனக்கு இப்படித்தான் கெடக்கு, தரையில கால் பாவல. கண்டக்டரு எங்கம்மா போகணும்னு கேட்டப்ப ஆறு மணிக்குன்னு சொன்னேனே, நீ கூடத் திரும்பிப் பாத்தியே.

தெற்குவாசல் பாலம் வந்துருச்சா? சீக்கிரம் வந்துட்டான்.

அந்தக் குரலா? நீ கண்டுபிடிச்சுட்டன்னுல்ல நெனச்சேன். என்னோடதும்மா.

கல்யாணமான மொத மாசம், பாட்டு பிராக்டிஸ்ல கீபோர்ட நிறுத்திட்டு எந்திரிச்சு எங்கிட்ட வந்தாரு. யாருக்கும் கேக்காம, கெஞ்சுற மாதிரி சொன்னாரு, பிலோ, நீ வாய மட்டும் அசைன்னு. பிலோங்கிறது நாந்தான். குழுவ விட்டு நின்னுட்டா மாஸ்டரு பொண்டாட்டியே வரலைன்னு பேச்சாயிரும்ல. அதனால ரெண்டாவது வரிசையில நின்னு இருபத்தாறு கிறிஸ்துமஸ் வாயசைச்சிருக்கேன். சொல்லு வாரியா அசைப்பேன், மூச்சு எடுக்குற எடத்துல மூச்சு எடுப்பேன், ஒரு தப்பு வராது. போன கிறிஸ்துமஸ்ல கோயிலுக்கு வர்ற ஆன்சி டீச்சரு என் கையப் பிடிச்சுக்கிட்டு, அம்புட்டுப் பேருலயும் உங்க குரலு தனியாக் கேட்டுச்சுன்னாங்க. நன்றி டீச்சர்னேன், வேறென்ன சொல்ல?

வீட்டுல அடுப்படியில மறந்தாப்புல ஒரு வரி வந்துச்சுன்னா, ஹால்ல இருந்து ஒரே ஒரு சொல்லு வரும். சுதி. அம்புட்டுத்தான், கோபமாக் கூட இருக்காது. கெட்டவர் இல்லம்மா அவரு. எனக்கு அம்மை போட்டப்ப ராவும் பகலும் வேப்பங்கொத்த வச்சு வீசுன மனுசன். காதுதான் அவருக்கு அப்படி.

அவரு சொன்னது பொய்யின்னும் இல்ல. சார்ஜர் வாங்க வந்தாருல்ல, அவரு நான் பாடுனத போன்ல பிடிச்சு வச்சிருந்தாரு. கேட்டேன். நடுவுல சரியா வருது. மேல போறப்ப படியில கால் இடறுற மாதிரி ஒரு எடறு இருக்கு, எனக்கே தெரியுது. இருந்துட்டுப் போகட்டும். இருபத்தாறு வருசமா தொண்டைக்கும் உதட்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டே வந்த பாட்டுல்ல, கால் மரத்துத்தான போயிருக்கும்.

இன்னைக்குக் காபியோட டப்பாவையும் குடுப்பேன். காதத் தூக்கிப் பிடிச்சு நானே மாட்டி விடுவேன். பஞ்சு உப்புற வரைக்கும் நிப்பேன். அவரு பாட்ட அவருக்குப் போட்டு விட்டுட்டு அடுப்படிக்குப் போயி, மொத அடியில இருந்து கடைசி அடி வரைக்கும், வாயத் தெறந்து பாடப் போறேன். அவருக்கும் தொந்தரவில்ல, எனக்கும் அந்தச் சுதிங்குற சொல்லு இல்ல. நல்ல பரிசுதான?

காலையில கெளம்புறப்ப, அடுப்பப் பாத்து நின்னு பாடலாம்னுதான் இருந்தேன். இப்ப ஹாலப் பாத்து நின்னுக்கலாம்னு தோணுது. ஒரு காதுலயாவது கழட்டுறாரான்னு பாக்கணும்ல.

ஹவுசிங் போர்டு வந்துருச்சு, உன் பையத் தூக்கிக்க தங்கச்சி, கொஞ்சம் வழி விடு. வாரேன். நீ மாட்டிக்க, சிம்மக்கல்லுல கழட்டுனது, இன்னும் கையிலயே வச்சிருக்க.