கிணற்று மேட்டு நெல்லி

நெல்லியை அதன் இஷ்டத்துக்கு விட்டால் மரமாக வளராது, புதராகத்தான் வளரும், இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் மேச்சேரிப் பக்கத்து ஆள். ஆடு பார்த்த அளவுக்கு நெல்லி பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கன்று முழங்கால் உயரம் வந்ததும் முட்டுக்கொம்பு நட்டுக் கட்ட வேண்டும். ஒரே தண்டுதான். அடியில் வெடிக்கிற தளிரையெல்லாம் கிள்ளிவிட வேண்டும். நெஞ்சு உயரத்துக்கு மேலேதான் நாலு திக்குக்கு நாலு கிளை. சேந்தமங்கலத்தில் எங்கள் காடு முழுக்க அப்படித்தான் நிறுத்தினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடை பிடித்து வரிசையில் நிற்பது போல இருக்கும். சௌந்திரம் மரத்தைப் பிள்ளையாக வளர்க்கிறாள் என்று ஊரில் பேசுவார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதால் கட்டிய கதை அது. பெற்ற பிள்ளையை யாராவது இப்படிக் கிள்ளிக் கிள்ளி, கொம்பில் கட்டி வளர்ப்பார்களா?

என் வீட்டுக்காரர் சென்னியப்பனை நல்லவரில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். தாய்மாமன் மகன்தான். ஒரு நாளும் என்மேல் கை நீட்டியதில்லை. ஒரே குறை, புதிதாக எதைப் பார்த்தாலும் அது அவருக்கு வேண்டும். போன வருஷத்திலிருந்தே நாமக்கல் சுற்று வட்டாரத்தில் எங்கே பார்த்தாலும் கோழிப்பண்ணை முளைத்துக்கொண்டிருந்தது. மோகனூரில் ஒரு பண்ணையைப் பார்த்துவிட்டு வந்தவர், சோற்றில் கையை வைத்தபடியே பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, நெல்லிய நம்பி இன்னும் எத்தன வருசம் ஒக்காந்திருக்கறது? அதைய எடுத்துப்போட்டுட்டு கோழி செட்டுப் போட்டர்லாம்."

"இப்பத்தானுங்க காய்ப்புக்கே வந்திருக்குது."

"காய்ச்சு என்ன? கோழி தெனமும் முட்டை போடுமாக்கும்."

சிரித்துவிட்டேன். அவர் பேச்சு அப்படி. ஆனால் மறுநாள் மர வரிசைக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு இழுத்திருந்தார். பத்து வருஷம் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியவள் நான்.

கிணற்று மேட்டில் நிற்பது பழைய மரம். மற்றதெல்லாம் அதன் கொட்டையில் முளைத்தவை. அதில் ஒரு பெரிய கிளை கிணற்றுக்கு மேலே நீண்டிருக்கும். அப்படியே சாய்த்தால் மரம் கிணற்றுக்குள் போய்விடும். அதனால் வெட்ட ஆட்கள் வருமுன் தானே ஏறி அதைக் கழித்துவிடுவதாகச் சொன்னார்.

கனத்த கிளையை மேலிருந்து மட்டும் அறுக்கக் கூடாது. பாதியில் முறிந்து, தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். முதலில் அடியில் ஒரு வெட்டு, பிறகுதான் மேலே. அவர் சந்தைக்குப் போயிருந்த பகலில் கைரம்பத்தை எடுத்துப் போய் அடி வெட்டைப் போட்டேன், பாதிக் கனத்துக்கு. மேல் வெட்டைப் போடவில்லை. வண்டு ஏறாமலிருக்க வெட்டில் சாணம் பூசினேன். மரத்தை வெட்டப் போகிறவர்தான் அதில் ஏறுவார். வெட்டாதவருக்கு அந்தக் கிளையால் ஒரு தொந்தரவும் இல்லை. முடிவை அவர் கையில் விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் கம்மங்கூழைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மூஞ்சிய ஏனம்மிணி இப்பிடி வெச்சிருக்கற? உன்ற மரம் இருந்துட்டுப் போவுது, உடு. செட்டைத் தரிசாக் கெடக்கற கரட்டோரமாப் போட்டுக்கலாம்."

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

பாத்திரம் கழுவிவிட்டு நான் வெளியே வந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டு மரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். "கெணத்து மேல நீண்ட கெளையில, நுனியில கொஞ்சம் காய் கெடக்குது. உனக்கு ஊறுகாய்க்கு ஆவும், பறிச்சுப் போடறேன்" என்றார்.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். வாயைத் திறந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அடி வெட்டைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பார்? கொடுத்த வார்த்தை அதோடு போச்சு. கோபத்தில் தோட்டத்தையே சாய்த்துவிடுவார். அதுவும் போக, பாதி அறுத்த கிளையை மரத்தில் விட்டுவைத்தால் அழுகல் தண்டுக்குள் இறங்கிவிடும். அதனால் "பாத்துங்க" என்று மட்டும் சொன்னேன்.

கிணற்றில் தண்ணீர் இல்லை, பாறைதான். விழுந்த பிறகும் அவருக்கு உயிர் இருந்தது. "அம்மிணி, அம்மிணி" என்று கூப்பிட்டார். இதை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் மேலே பார்த்தேன். அடி வெட்டு சரியாக விழுந்திருந்ததால் தண்டில் பட்டை துளிகூட உரியவில்லை. மேல் பாதிதான் சிம்பு சிம்பாக நின்றது. அதை அறுத்துச் சமன் செய்து, செம்மண்ணும் சாணமும் குழைத்து நிதானமாகப் பூசி முடித்தேன். பிறகுதான் ஊருக்குள் போனேன். வந்தவர்கள் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி, கயிற்றுக்கும் கட்டிலுக்கும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அதற்குள் கிணற்றில் சத்தம் அடங்கியிருந்தது.

கிணற்றிலிருந்து தூக்கிய கிளையில் பாதி ரம்பம் அறுத்த வழுவழுப்பு இருந்ததைப் பார்த்துத்தான் வந்திருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், அறுத்தது நான்தான். ஆனால் கூப்பிடக் கூப்பிடப் போகாத கல்நெஞ்சக்காரி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உயிருள்ள ஒன்று காயத்தோடு நிற்கும்போது, அதை அப்படியே விட்டுவிட்டு நகர எனக்கு மனம் வராது.