தீ மட்டும் போதும் என்றேன்

கோலாக் கொட்டையை உடைத்துக் கூட்டத்தைத் தொடங்கிவைத்த அவைத் தலைவர், மூத்தவர் உமுகோரோ ஐயா அவர்களே! நகரத்திலிருந்து நான்கு படங்களோடும் நாற்பது புள்ளிவிவரங்களோடும் வந்து, பாதிப் பேரைச் சிந்திக்கவும் மீதிப் பேரைக் கொட்டாவி விடவும் வைத்த பேராசிரியர் தோபோரே அவர்களே! ஒகுவேரே ஊரின் பெரியோர்களே! பெற்றவளுக்கு நிகரான தாய்மார்களே! தீயருகே என்னோடு வெந்து, வியர்த்து, இடத்துக்காக என்னோடு சண்டையும் போட்ட மரவள்ளி உலர்த்தும் சகோதரிகளே! உங்கள் அனைவருக்கும் எலோஹோவின் வணக்கம்.

பெரியவர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. "என்ன இவ, நின்னுக்கிட்டே வணக்கம் சொல்றா?" என்று யாரோ கேட்டதும் காதில் விழுந்தது. நம் வழக்கப்படி நான் முழங்காலிட்டு 'மிக்வோ' சொல்லியிருக்க வேண்டும். 'எழுந்திரு மகளே' என்று நீங்கள் சொன்ன பிறகே எழுந்திருக்க வேண்டும். மறக்கவில்லை ஐயா, அந்த வணக்கத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

தலைவரின் மேசைமேல் ஒரு மனு இருக்கிறது. நம் ஊர் எல்லையில், எண்ணெய்க் கிணற்றின் வாயுவை வானத்துக்கு எரித்துக்கொண்டிருக்கிறதே அந்தத் தீ, அதை இன்னும் மூன்று மாதத்தில் அணைக்கப் போகிறார்கள். அணைக்காதீர்கள் என்று கெஞ்சும் மனு அது. இருநூற்றுப் பதினொரு பெண்களின் கைநாட்டு அதில் இருக்கிறது. முதல் கைநாட்டு என்னுடையது. இன்று மாலை அது எண்ணெய்க் கம்பெனிக்குப் போகிறது. போகக் கூடாது என்று சொல்லத்தான் மேடை ஏறினேன்.

இருங்கள், இருங்கள்! எடிரின் அக்கா, செருப்பைக் கழற்றாதீர்கள். முழுவதும் கேட்டுவிட்டுக் கழற்றுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

பேராசிரியர் ஐயா கேட்டார்: வடக்கே மணல், தெற்கே கடல், நடுவே இரண்டு பெருநதிகள், மண்ணுக்கடியில் எண்ணெய், இத்தனையும் இருக்கும் நம் நைஜீரியா ஏன் ஏழையாக இருக்கிறது? நம்மைப் போல இன்னும் எத்தனையோ பெரிய நாடுகள், செல்வத்தின் மேல் படுத்துக்கொண்டு ஏன் பட்டினி கிடக்கின்றன? காரணங்களை அடுக்கினார். கச்சா எண்ணெயைக் கப்பலில் அனுப்பினோம், பெட்ரோலைக் கப்பலில் வாங்கினோம் என்றார். எண்ணெய் வந்ததும் ஏரை மறந்தோம் என்றார். குடிமக்களின் வரியில் வாழாத அரசு குடிமக்களின் முகத்தைப் பார்க்காது என்றார். அத்தனையும் உண்மை. ஆனால் ஐயா, நீங்கள் மேலே பார்த்துச் சொன்னீர்கள். நான் கீழே பார்த்துக் கொஞ்சம் சொல்கிறேன்.

பின்னால் கேட்கிறதா? கேட்காது! இந்த ஒலிபெருக்கிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் என்னைவிடச் சத்தமாகப் பேசுகிறது. அதற்குப் பெட்ரோல் எங்கிருந்து வந்தது? இருபது மைல் தள்ளியிருக்கும் கடையிலிருந்து, கேனில் வந்தது. அதோ, அந்த மரங்களுக்கு மேலே ஒரு நகரத்துக்கே போதுமான வாயு வெறுமனே எரிகிறது. இங்கே நாம் கேன் பெட்ரோலில் கூட்டம் போட்டு, ஏன் ஏழையானோம் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

அந்தத் தீ நமக்கு என்ன தந்தது? நன்றி கெட்டவள் அல்ல நான், சொல்லிவிடுகிறேன். மரவள்ளியைத் துருவி, பிழிந்து, பாயில் பரப்பினால் வெயில் மூன்று நாளில் காயவைக்கும். தீயோ மூன்று மணி நேரத்தில் காயவைக்கும். மழையிலும் காயும், இரவிலும் காயும். பத்தொன்பது ஆண்டுகள் அந்த வெப்பத்தில் நின்று இரண்டு மகள்களைப் படிக்க வைத்தேன். தீயைச் சுற்றியிருக்கும் கரைமேட்டின் முன்வரிசை இடத்துக்காக நானும் எடிரின் அக்காவும் போட்ட சண்டை ஊரறியும்.

"இது எங்க அம்மா காலத்துலேர்ந்து எங்க இடம்டீ!"

"உங்க அம்மா தீயைப் பெத்துப் போட்டாங்களா? தள்ளுங்க!"

இரண்டு ஆண்டு பேசாமல் இருந்தோம். கம்பெனியோடு ஒரு நாளாவது அப்படிச் சண்டை போட்டோமா? நமக்குள் போட்டோம். நம் தகரக் கூரையைப் பொத்தலாக்கிய தீ, குழந்தைகளின் நெஞ்சில் சளியாகக் குடியேறிய தீ, மழைநீரை மையாக்கிய தீ. அந்தத் தீக்கு அருகே யார் நிற்பது என்றுதான் சண்டை போட்டோம். மாலையானால் அதே தீயைக் கடந்து, தலையில் விறகு சுமந்து, வீட்டுக்குச் சமைக்கப் போனோம்.

இப்போது நான் வெட்கப்படும் கதைக்கு வருகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பும் தீயை அணைக்கப் போவதாகச் சொன்னார்கள், நினைவிருக்கிறதா? ஒரு பொறியாளர் வந்தார். நீங்கள் என்னை முன்னால் தள்ளினீர்கள். "நீ போ எலோஹோ, உனக்குத்தான் வாய் இருக்கு" என்றீர்கள். போனேன். கம்பெனி வாசலில், சுடும் கப்பிக்கல்லில், முழங்காலிட்டு மிக்வோ சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு கேட்டார்:

"என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"தீயை அணைக்காதீங்க ஐயா."

"சரி, எழுதி அனுப்பறேன். வேற ஏதாவது வேணுமா?"

தாய்மார்களே, இந்த ஊரில் எண்ணெய் எடுத்து ஐம்பது ஆண்டுகளில், கம்பெனி ஆள் ஒருவர் நம் முகத்தைப் பார்த்து 'வேறு ஏதாவது வேண்டுமா' என்று கேட்டது அன்று ஒரு நாள்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வேற ஒண்ணும் வேணாம் ஐயா. தீ மட்டும் போதும்."

தீ மட்டும் போதும் என்றேன்! வாயு நம் நிலத்தடியில் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எரித்து வீணாக்குங்கள், அந்த வீணின் ஓரத்தில் நாங்கள் பிழைத்துக்கொள்கிறோம் என்று கேட்டேன். அவருக்குக் கண் கலங்கியதோ என்னவோ, வண்டியிலிருந்து ஒரு பெட்டி நூடுல்ஸை எடுத்துக் கொடுத்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஏறினார், போய்விட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பேன்? 'எழுந்திரு' என்று யாரும் சொல்லவில்லையே! நம் வழக்கம் அவருக்குத் தெரியாது. முழங்காலில் கல் குத்த, பக்கத்தில் நூடுல்ஸ் பெட்டியோடு காத்திருந்தேன். கடைசியில் நானே கையை ஊன்றி எழுந்தேன். ஊருக்கு வந்தால் மேளம்! தீயைக் காப்பாற்றியவள் என்று தோளில் தூக்கி ஆடினீர்கள். நானும் ஆடினேன், அந்த வெட்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

பேராசிரியர் ஐயா, உங்கள் படத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் ஒருவர்முன் மண்டியிட்டால், எழுந்திரு என்று சொல்லக் கடமைப்பட்டவர் யார்? நம் உழைப்பில் உண்டவர், நம் சொல்லுக்கு அஞ்சுபவர், நாளை நம் முகத்தில் விழிக்க வேண்டியவர். குழாயில் வரும் எண்ணெயால் வாழும் அரசுக்கு அந்தக் கடமை ஏது? அது மேலிருப்பவர்களின் குற்றம். ஆனால் சிந்தியதே நம் பங்கு, சிதறியதே நம் சொத்து என்று பழகிப்போனோமே, அது? ஐம்பது ஆண்டு யாரும் கேட்காததால், கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் போனோமே, அது? மண்ணுக்கடியில் எவ்வளவு இருந்தாலும், அது தன்னுடையது என்று கேட்கத் தெரியாத ஊர் ஏழைதான். நாடும் அப்படித்தான்.

தீ அணையட்டும். அணைத்து எடுக்கும் வாயுவில் ஒரு குழாய் நம் ஊருக்குள் வரட்டும். உலர்த்த ஒரு கூடம், அடுப்பெரிக்க வாயு, இந்தக் கூட்டத்துக்கு ஒரு விளக்கு. அந்த மனுவைத்தான் அனுப்ப வேண்டும்.

என்ன அங்கே? "மூணு மாசத்துல குழாய் வந்துருமா?" நல்ல கேள்வி தம்பி. வராமல் போகலாம். ஒரு மழைக்காலம் முழுக்க நம் கிழங்கு பாயிலேயே பூஞ்சை பிடிக்கலாம். மறைக்க மாட்டேன். என் இளையவளுக்குப் படிப்பு இன்னும் ஓராண்டு பாக்கி, பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னொரு முறை அந்தக் கல்லில் மண்டியிட என்னால் முடியாது.

தலைவர் ஐயா, அந்தத் தாளில் முதல் கைநாட்டு என்னுடையது. அதைத் திருப்பிக் கேட்கிறேன். மற்ற இருநூற்றுப் பத்துப் பேரும் அவரவர் மனசாட்சிப்படி செய்யட்டும்.

இவ்வளவு நேரம் வெயிலில் பொறுத்திருந்தீர்கள், நன்றி. இதோ, கடன் வைத்திருந்த வணக்கம். என் பெரியோர்களே, என் தாய்மார்களே, உங்கள்முன் முழங்காலிடுகிறேன். மிக்வோ!

காத்திருக்கிறேன்.

'எழுந்திரு மகளே' என்று நீங்கள் சொன்னது கேட்டது ஐயா. மகளிர் பக்கத்திலிருந்து இன்னும் வரவில்லை.

எடிரின் அக்கா, உங்கள் குரல்தான் முதலில் வந்தது. இதோ, எழுந்துவிட்டேன்.