மேற்பல்லின் சாய்வு

– பல்லக் காட்ட வந்தா, மறுபடியும் தலைய எதுக்குங்கய்யா படம் புடிச்சீங்க?

– இருங்கோ பவுலின். இந்தப் படத்தில பாருங்கோ. மேல்தாடை எலும்பில ஒரு கோடு. முன்பல்லின்ர நுனியில இருந்து வேர் வரைக்கும் இன்னொரு கோடு. ரெண்டும் சந்திக்கிற கோணத்தை அளந்தால்தான், உங்கட மகளின்ர பல்லு எவ்வளவு முன்னுக்குச் சரிஞ்சிருக்கெண்டு தெரியும்.

– இத கவர்மெண்டு கச்சேரிக்கு அனுப்புவாங்களா?

– கச்சேரிக்கு இது என்னத்துக்கு?

– சும்மா கேட்டேங்க. எங்க தேயிலத் தோட்டத்துல எவரு வந்து என்னத்த எழுதிக்கிட்டுப் போனாலும், கடைசியில எங்கள இந்தியாவுக்கு அனுப்புற லிஸ்ட்டுலதான் வந்து நிக்குது.

– நான் பல்லு டொக்டர், அம்மா. றோசலின், நீர் விரல் சூப்புறனீரோ?

– இல்லைங்க ஐயா.

– சின்னனிலயும்?

– அவளுக்கு அந்தப் பழக்கமே கெடையாதுங்க. எதுக்குக் கேக்குறீங்க?

– மூண்டு வருசத்துக்கு முன்னம், ஒன்பது வயசில இவவைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். முகம் ஞாபகமில்லை, ஆனால் பைலில என்ர கையெழுத்துக் கிடக்கு. அப்ப நூற்றியெட்டுப் பாகை. இண்டைக்கு நூற்றியிருபத்திரண்டு.

– வளர்ற புள்ளதானுங்களே.

– வளர்ந்தால் ஒண்டு ரெண்டு கூடும். பதினாலு கூடாது. பல்லை விடுங்கோ, தாடை எலும்பே வேறை ஆளின்ர மாதிரிக் கிடக்கு.

– வைத்தியம் வேணாங்கய்யா. எந்திரிடி, போவோம்.

– நில்லுங்கோ. கேட்டதுக்குப் பதில் சொல்லிப்போட்டுப் போங்கோ. இந்தப் பிள்ளை ஆர்?

– பெரியம்மா, எனக்குப் பயமா இருக்கு.

– பெரியம்மாவோ?

– அய்யா, என் மக றோசலின் போன வருசம் மழைக்கு வயித்தோட்டத்துல போயிட்டா. சாவ நான் எங்கயும் பதியல. இவ எங்க லயத்துல பக்கத்துக் காம்பராவுல இருந்த நாகலெட்சுமி. அப்பனும் ஆத்தாவும் இல்ல. சித்தப்பன் இந்தியாக் கப்பலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறப்ப, நானுஓயா ஸ்டேசன்ல என் சீலையப் புடிச்சவ விடவே இல்ல. ரயிலு கெளம்பிருச்சி. அந்த மனுசனும் விட்டுட்டுப் போயிட்டாரு.

– அதுக்காக, செத்த பிள்ளையின்ர பேரையோ?

– இவ சொந்தப் பேரு இந்தியா லிஸ்ட்டுல இருக்குங்க, அந்தப் பேருல இவள இங்க யாரு இருக்க விடுவா? கச்சேரிக்கு எழுதிக் குடுத்துருவீங்களாய்யா?

– எழுதத்தான் வேணும். முதல் அளவு பிழை, அப்ப எனக்குக் கை பழகேல்லை எண்டு பைலில எழுதிறன். றோசலின், இஞ்ச வாரும். வாயைத் திறவும்.