நடுவில் வைத்த ஒற்றை வரிசை

கல்லைக் கோலமாக்கிய கைவினைஞரே! கண்ணால் பார்த்தே சுவரின் கோணல் சொல்லும் கணக்கரே! முப்பது ஆண்டுகளாகக் கிரனாடா நகரத்துக் கூடங்களிலெல்லாம் தரையெங்கும் பூப்பூவாய்ச் சிமெண்டுக் கல் விரித்த எங்கள் மேஸ்திரி எலாடியோ ஒபாண்டோ அவர்களே! வணக்கம்.

வரிசைக்கு இரண்டாய் நான்கு கல் சேர்ந்தால் ஒரு பூ. இது தெரிந்தவர் ஊரில் பலர் உண்டு. ஆனால் சாந்து குழைக்கும் முன்பே, சுவர் முதல் சுவர் வரை ஒரு வரிசையை வெறுமனே பரப்பி, இரண்டால் போகிறதா மூன்றால் போகிறதா என்று தட்டித் தட்டி எண்ணிய பிறகே எங்களைக் குனியவிட்டவர் தாங்கள் ஒருவரே! ஒரு மாளிகையில் மூன்று கல் பூவும் இரண்டு கல் பூவும் அருகருகே ஓடவேண்டி வந்தபோது, "ஆறாவது கல்லுல ரெண்டும் கை கோக்கும், பாருங்க" என்றீர்கள். பார்த்தோம், கோத்தன.

ஏரிக்கரைச் சிற்றாலயத்தை மறப்போமா! அகலம் இருபத்தேழு கல். வந்திறங்கியிருந்ததோ இரண்டு கல் பூ. எங்களில் வாய்த்துடுக்கான பிலெமோன் தலையில் கை வைத்தான்.

"மேஸ்திரி, மூணுக்குப் போகுது, ரெண்டுக்கு மாட்டேங்குது!"

"ரெண்டு ஓரத்துலயும் கரைக்கல்லு ஒவ்வொண்ணு வைடா."

"வெச்சாலும் இருபத்தஞ்சுதானே? ஒண்ணு மிஞ்சுதே. சுவரோரமா தள்ளி மேல அலமாரிய நிறுத்திருவோம். சாமியாருக்குத் தெரியவா போகுது?"

"அவருக்குத் தெரியாது, சாமிக்குத் தெரியும்டா கழுதை. மிஞ்சினத நடுவுல வை."

வைத்தோம். நடுவே ஒரு கறுப்பு வரிசை. இப்புறம் பன்னிரண்டு கல்லில் ஆறு பூ, அப்புறமும் அதே. இன்று மணப்பெண்கள் நடந்து வருவது அந்த ஒற்றை வரிசையைப் பிடித்துத்தான்.

கல்லுக்கு இடம் கண்ட தாங்கள் தங்களுக்கு மட்டும் ஏன் சுவரோரத்தைத் தேர்ந்துகொண்டீர்கள்? நாங்கள் ஆறு பேர். கல் சுமக்க இரண்டிரண்டாய்ச் சேர்ந்தோம், சாந்து குழைக்க மும்மூன்றாய்ச் சேர்ந்தோம். ஏழாமவராகிய தாங்கள் எதிலும் சேரவில்லை. தங்கள் துணைவியார் டொரோத்தேயா அம்மையார் மறைந்த பிறகு, நாங்கள் சோறும் சிவப்புப் பயறும் பிரிக்கிற வேளையில், தங்கள் பொட்டலத்தோடு தூணுக்குப் பின்னால் போய்விடுவீர்கள். கூப்பிட்டால், "சாப்பிடுங்கடா, எண்ணிட்டு வர்றேன்" என்பீர்கள். எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வியாழக்கிழமைப் படகில் ஏரி நடுவிலுள்ள தீவுக்கே போய்விடப் போகிறீர்களாம். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டோம். "எரிமலை இருக்குல்ல" என்றீர்கள்.

தாங்கள் போனபின் எங்கள் கணக்கு மீதியில்லாமல் போகும். இரண்டால் வகுத்தாலும் மூன்றால் வகுத்தாலும் ஒருவரும் மிஞ்ச மாட்டோம். அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை, மேஸ்திரி.

ஆகவே ஒரு விண்ணப்பம். புதிய வேலை எதுவானாலும் முதல் வரிசையைத் தாங்கள் வந்து பரப்பித் தரவேண்டும். படகுத்துறையில் எங்களில் ஒருவர் வந்து நிற்பார். முழங்கால் நோவு தீர்ந்து, கண்ணொளி குன்றாது, காலமெல்லாம் கலகலப்போடு தாங்கள் நெடிது வாழ்க!

இன்றைய வழியனுப்பு விருந்திலும் மேசையின் கடைசி நாற்காலியைத்தான் தேடுவீர்கள் என்று தெரியும். பிலெமோன் அதை ஒளித்து வைத்துவிட்டான். இப்புறம் மூன்று பேர், அப்புறம் மூன்று பேர். நடுவில் ஒரு நாற்காலி காலியாய் இருக்கிறது.

வந்து உட்காருங்கள்.

தங்கள் கைபிடித்துத் தொழில் கற்ற
தரைக்கல் பதிக்கும் ஆறு பேர்,
கிரனாடா.