பானில் உயர்ந்த பதினொரு கைகள்

சகடை வருது.

சத்தத்தை வைச்சே தெரியும். பொம்பர் எண்டால் வானத்தைக் கிழிச்சுக்கொண்டு போகும். சகடை அப்பிடியில்லை. குண்டான பிளேன். மெதுவா உறுமிக்கொண்டு வரும். கதவைத் திறந்து பீப்பாய்க் குண்டை உருட்டி விடுவாங்கள். விழுறதுக்குள்ள எட்டு எண்ணலாம். எங்கட சனம் எல்லாம் எண்ணப் பழகியிருந்தது.

வருசம் தொண்ணூறு. புதன்கிழமை. காலமை ஒன்பதே கால். கிணத்தடியில நிக்கிறன். கையில மகளின்ர பால் போத்தல். கழுவ வந்தனான். என்ர மனுசன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கர்க் குழிக்குள்ள இறங்கிட்டார். வாசலில தலையை நீட்டிக் கத்துறார்.

"ஓடி வராதை! படு! அதிலயே படு!"

படுக்கிறன். எண்ணுறன். ஒண்டு. ரெண்டு. ஏழு வரைக்கும் எண்ணினனான். எட்டு எனக்கு ஞாபகம் இல்லை.

எழும்பினால் காதுக்குள்ள கூ எண்ட சத்தம் மட்டும். பங்கர் இருந்த இடத்தில பள்ளம். மேல அடுக்கின பனங்குத்தி வேலிக்கு அங்கால கிடக்குது. போத்தல் என்ர கையிலதான். உடையேல்லை. அதை ஏன் அப்பிடி இறுக்கிப் பிடிச்சிருந்தனான் எண்டு இண்டைக்கும் எனக்கு என்னில கோவம்.

அந்த வருசக் கடைசியில ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தன். இஞ்ச முதல் வேலை அகதி விண்ணப்பம். முகாமில எங்கட ஆக்களுக்கு என்ன எழுதிறது எண்டு சொல்லிக் குடுக்கிறவர் சூசை அண்ணை. எங்களுக்கு முதல் வந்தவர், எல்லாம் தெரிஞ்சவர். நல்ல மனுசன்.

"தங்கச்சி, குண்டு எல்லாருக்கும்தான் விழுது," எண்டார். "அதைச் சொன்னால் தள்ளிப்போடுவாங்கள். உன்னைத் தனியாப் பிடிச்சு அடைச்சு வைச்சது எண்டு சொல்லவேணும். புருசன், பிள்ளை எண்டால் பத்திரம் கேப்பாங்கள். உன்னட்ட என்ன கிடக்கு? தனி ஆள் எண்டு போடு."

பத்திரம் எல்லாம் வீட்டோட எரிஞ்சு போச்சு. ஓம் எண்டன். அவர் சொல்லச் சொல்ல எழுதினன். கையெழுத்தும் வைச்சன். முகாமில கனபேர் அப்பிடித்தான் எழுதினவை. அது எங்களுக்குப் பொய்யாத் தெரியேல்லை. ஆஸ்பத்திரியில நம்பர்த் துண்டு எடுக்கிற மாதிரி ஒரு அலுவல், அவ்வளவுதான்.

ஆறு வருசம் போச்சு. ஆஸ்பத்திரி லோண்டரியில வேலை. உண்மையை ஒரேயொரு ஆளிட்டத்தான் சொன்னனான். எங்கட தேவாலயத்து ஜேர்மன் சுவாமியிட்ட. அவர்தான் என்னை, ஜேர்மன் பாராளுமன்றம் இருந்த பான் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர்.

அங்க அரசியல்வாதிகள் கொஞ்சப் பேர் ஒரு குழு வைச்சிருந்தினம். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்த குழு. கொழும்பு அரசாங்கம் தங்கட நட்பு அரசாங்கம், அது போரில நிக்குது, ரெண்டு கட்சியும் ஒண்டாய் நிண்டு ஆதரவு குடுக்கவேணும் எண்டு ஒரு தீர்மானம் எழுதியாச்சு. கை தூக்கிறதுதான் பாக்கி. சுவாமி மண்டாடிக் கேட்டபடியால் அதுக்கு முதல் ஒரு சாட்சி கேக்க ஒத்துக்கொண்டவை.

என்ர தங்கச்சி அப்பவும் ஊரிலதான். அவளின்ர கூரைக்கு மேலயும் பிளேன் உறுமுது. இவையள் கையைத் தூக்கினால், ஏன் குண்டு போடுறாய் எண்டு கேக்க ஒரு நாதியும் இருக்காது. அதுக்காகத்தான் போனனான்.

வியாழக்கிழமை. காலமை பத்தரை. அறைக்குள்ள போறன். பதினொரு பேர். ரீவியில நாயும் பூனையுமாக் கடிபடுறவை இஞ்ச ஒரே கூசாவில இருந்து கோப்பி வாத்துக் குடிக்கினம். ஒருத்தரின்ர பகிடிக்கு மற்றவர் சிரிக்கிறார். எனக்கு உடன பிடிக்கேல்லை. சண்டை பிடிக்கிறவை சண்டை பிடிக்கவேணும். எல்லாரும் ஒத்துப்போற அறையில எங்கட கதைக்கு எங்க இடம்?

எனக்கும் கோப்பி தந்தினம். குடிக்கேல்லை. பிஸ்கற்றையும் தொடேல்லை. மொழிபெயர்க்க வந்தவ பல்கலைக்கழகத்தில ஆராய்ச்சி செய்யிற இந்தியத் தமிழ்ப் பெண்.

"டென்ஷன் ஆகாதீங்க மேடம், நான் கரெக்டா சொல்லிடறேன்," எண்டா.

அவவையும் நம்பேல்லை. நான் பத்து வசனம் சொன்னால் அவ ரெண்டு வசனம் சொல்லுறா. மிச்சம் எட்டும் எங்க போச்சு? அவவின்ர வாயையே பாத்துக்கொண்டு இருந்தன்.

எங்கட ஆக்களுக்கு ஒரு பழக்கம். எங்க போனாலும் முழுப் பைலும் கையோட போகும். வீசாக் கடிதம், வேலைக் கடிதம், அகதி விண்ணப்பத்தின்ர ஜேர்மன் கொப்பி, எல்லாம் ஒரு பிளாஸ்ரிக் பையுக்குள்ள. ஆர் என்ன கேட்டாலும் ஒரு கடதாசி நீட்டலாம். குழுத் தலைவர் பெயர் எழுத அடையாள அட்டையை மட்டும்தான் கேட்டவர். நான் முழுப் பைலையும் அவருக்கு முன்னால வைச்சன். நம்பட்டும் எண்டு. மடைச்சி. கோப்பியைச் சந்தேகப்பட்டன், பிஸ்கற்றைச் சந்தேகப்பட்டன், மொழிபெயர்க்க வந்த பிள்ளையைச் சந்தேகப்பட்டன். என்ர பையைச் சந்தேகப்படேல்லை.

நான் சகடையைப் பற்றிச் சொல்லுறன். ஒன்பதே கால் எண்டு சொல்லுறன். எட்டு எண்ணுறதையும், பங்கருக்குள்ள போன மனுசனையும் பிள்ளையையும் சொல்லுறன். எதிர்க்கட்சி அம்மா ஒருத்தி எழுதுறதை விட்டிட்டு என்னைப் பாக்கிறா. தலைவர் சும்மா பைலைப் புரட்டுறார். விண்ணப்பக் கொப்பியில கை நிக்குது.

அவர் கத்தேல்லை. மெல்லமாத்தான் வாசிச்சார். கலியாணம்: இல்லை. பிள்ளைகள்: இல்லை. கீழ என்ர கையெழுத்து. அதைப் பக்கத்தில இருந்தவருக்குக் காட்டினார். அவர் மற்றக் கட்சி. அவரும் பாத்தார். பைல் மேசையைச் சுத்தி வந்தது.

இதில எது பொய் எண்டு தலைவர் கேட்டார்.

எனக்கு விளங்கிச்சு. எழுதினது உண்மை, இண்டைக்குச் சொன்னது பொய் எண்டால் வீசா தப்பும். மாறிச் சொன்னால் எல்லாம் போகும். சுவாமி தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறார்.

"எழுதினதுதான் பொய்," எண்டன். "எனக்குப் பிள்ளை இருந்தது."

ஏன் எழுதினன் எண்டதையும் சொன்னன். இந்த முறை அந்த இந்தியப் பெண் ஒரு சொல்லும் விடேல்லை. நான் நிப்பாட்டின பிறகும் சொல்லிக்கொண்டிருந்தா. குரல் உடைஞ்சு போச்சு. அவவைப் பிழையா நினைச்சதுக்கு எனக்கு வெக்கமாப் போச்சு.

தலைவர் நன்றி சொன்னார். பைலை ஒழுங்கா அடுக்கித் தந்தார். பதினொரு மணி பத்து நிமிசத்துக்குக் கை தூக்கச் சொன்னார். கதிரை கிரீச்செண்ட சத்தம். பத்துக் கை மேல போச்சு. எதிர்க்கட்சி அம்மா கண்ணாடியைக் கழட்டி மேசையில வைச்சா. பிறகு அவவும் தூக்கினா.

என்ர கடதாசி இல்லாட்டிலும் தூக்கியிருப்பினமோ? தெரியாது. தூக்கியிருப்பினம் எண்டுதான் நினைக்கிறன். ஆனால் அவைக்கு ஒரு சாட்டு, சொல்ல ஒரு காரணம் வேணும் எண்டால், அதை நானே பையில போட்டுக் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறன். சூசை அண்ணையில எனக்குக் கோவம் இல்லை. பேனை என்ர கையிலதான் இருந்தது.

இதை வாசிக்கிற ஆக்களே, மறக்காதையுங்கோ. உங்கட பைலில பொய் கிடந்தால், கேக்க ஆள் இருக்கேக்கையே சொல்லிப்போடுங்கோ.

இழந்தது இவ்வளவு.

அந்த அறையில கை பதினொண்டு. என்ர பக்கம் ஒண்டும் இல்லை.

வீசா. இப்ப ஆறு மாசத்துக்கு ஒருக்கா நீட்டுற தற்காலிகக் கடதாசித் துண்டில இருக்கிறன்.

வீடு, கிணறு, பத்திரம் முழுக்க.

தங்கச்சி. அந்த வருசத்துக்குப் பிறகு கடிதம் இல்லை. செத்தவையோட எண்ணுறதோ, இருக்கிறவையோட எண்ணுறதோ தெரியேல்லை.

மனுசன். அந்தோனி. முப்பத்தொரு வயசு.

மகள். ஜெனிற்றா. மூண்டு வயசு, நாலு மாசம். குண்டு ஒருக்காக் கொன்றது. நான் ஒருக்கா இல்லையெண்டு எழுதினனான். அவள் இருந்தவள்.