மணலுக்கு மேலே தெரிந்த கை

எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். கூட்டத்தில் எழுப்பிவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவனைப் பொறுக்கும்படி மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

ஷெல் வருகிறது. முதலில் தூரத்தில் "டொக்". பிறகு கூவல். பிறகு நிலம் தூக்கிப் போடுகிறது. 2009, பெரிய வியாழன், பின்னேரம். முல்லைத்தீவுக் கடற்கரை. கடலுக்கும் களப்பு நீருக்கும் நடுவே ஒரு துண்டு மணல். எங்கள் பதுங்குகுழியில் நான், கணவர் மரியதாஸ், சின்ன மகள் றீற்றா. சுற்றிவர என் கூறைச்சேலையை வெட்டித் தைத்த மண் மூட்டைகள்.

தூசி அடங்குகிறது. பக்கத்துக் குழியைக் காணவில்லை. சுவர் சரிந்து மூடிவிட்டது. மணலுக்கு மேலே ஒரு கை. விரல்கள் அசைகின்றன.

அது அவன் கை.

கண்டாவளையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த, வயல் செய்கிற கமக்காரன். எங்கள் வளவில் கொட்டில் போட இடம் கொடுத்தோம். எங்கள் அடுப்பில் சமைத்தார்கள். மாசியில் இயக்கக்காரர் சண்டைக்குப் பிள்ளை பிடிக்க வந்தார்கள். அவன் மகனுக்குப் பதினாறு வயது. எங்கள் யூட்டுக்குப் பதினேழு. தன் மகனை விடுவிக்க அவன் எங்கள் வலைக் குவியலைக் கை நீட்டிக் காட்டினான். யூட் அதற்குள் இருந்தான். பங்குனியில் செய்தி வந்தது. உடல் வரவில்லை.

நீட்டியது அதே கைதான்.

இந்தக் கடற்கரையிலும் வேறு இடம் இல்லாமல் எங்களுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினான். தன் ஊர்க் களிமண்ணில் வெட்டுவதுபோல் செங்குத்தாக வெட்டினான். மரியதாஸ் போய்ச் சொன்னார்.

"தம்பி, இது கண்டாவளை மண் இல்லை. சரிச்சு வெட்டுங்கோ. கவிழ்த்துப்போடும்."

"குளம் வெட்டின கை அண்ணை இது. நீங்கள் மீனைப் பாருங்கோ."

எனக்குப் பற்றி எரிந்தது. "அவனுக்கு ஏன் சொல்லிக்குடுக்கிறியள்?" என்றேன். நான் அந்தச் சுவரைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன்.

இப்போது அது விழுந்துவிட்டது. அவன் பெண்சாதியும் மகனும் கஞ்சி வாங்கப் போயிருந்தார்கள். அந்தக் கையைக் கண்டது நாங்கள் மட்டும்தான். மரியதாஸ் வெளியே ஏறுகிறார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறேன்.

"விடுங்கோ. யூட்டைக் காட்டிக்குடுத்தவன்."

"தெரியும். கடலிலை தாழுறவனை ஆர் எண்டு கேக்கிறேல்லை. வாளியைத் தாரும்."

வள்ளத்தில் தண்ணீர் இறைக்கும் வாளி. கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது என்று இன்றும் நினைக்கிறேன்.

அவர் பயமில்லாத மனிதர் இல்லை. யேசுவே, யேசுவே என்று ஒவ்வொரு வாளிக்கும் சொன்னார். தலை தெரிந்தது. விரலை விட்டு அவன் வாயிலிருந்து மண்ணைத் தோண்டினார். அவன் இருமினான். நெஞ்சுவரை எடுத்துவிட்டார்.

"டொக்."

"படுங்கோ! வருது, படுங்கோ!" என்று கத்தினேன்.

அவர் படுத்தார். அவன் தலைக்கு மேலே படுத்தார்.

ஷெல் துண்டு அவர் முதுகால் போனது. அவர் பிறகு எழும்பவில்லை. அவனுக்கு ஒரு கீறலும் இல்லை.

போன மாதம் கிளிநொச்சிச் சந்தையில் அவனைக் கண்டேன். உடம்பு வைத்திருந்தான். மகன் உழவு இயந்திரத்தில் மூட்டை ஏற்றினான். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் மனிசனின் மூச்சு. கோயிலில் பரலோக மந்திரம் சொல்லும்போது, 'தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல' என்கிற இடத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். மரியதாஸ் அதை முழுதாகச் சொன்னவர். அவருக்குக் கிடைத்த கூலி இது. ஆண்டவர் கணக்குத் தீர்க்கட்டும். நான் பார்க்க உயிரோடு இருக்க வேண்டும்.

இழந்தவை: யூட். மரியதாஸ். வீடு. வள்ளம். வலை எல்லாம். கூறைச்சேலை.

அவன் இழந்தது ஒரு குழி.

மரியதாஸ் போன மறுநாள் பெரிய வெள்ளி. காலையில் அவன் அந்த வாளியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். றீற்றாவுக்குக் கொடுத்தேன். நான் குடிக்கவில்லை.