இரண்டு யுவஸ்ரீக்களையும் தொலையாமல் காத்த ஆலம் பீ அம்மையாருக்கு

தணிகை மலையடிவாரத்தில், எங்கள் பள்ளி அலுவலகத்தில் முப்பத்து நான்காண்டுகள் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி, இன்று பணி ஓய்வு பெறும் கண்காணிப்பாளர் அம்மையீர், வணக்கம்!

வேலையில் விரைவும், வார்த்தையில் சிக்கனமும், சாப்பாட்டு டப்பாவில் தாராளமும் கொண்டவர் தாங்கள். டப்பாவில் என்ன இருக்கிறது என்பதை மூடி திறக்கும் முன்பே துப்பறிந்தவர்கள் நாங்கள். ஆங்கிலத்தில் எட்டெழுத்துக்கு மேல் பெயர் ஏற்காத பழைய கணினியில் ஆதிகேசவனை ‘ஆதிகேச’ என நிறுத்தியதும், ரத்தினம்மாளை ‘ரத்தினம்’ ஆக்கியதும் தங்கள் கைவண்ணமே. நீண்ட பெயர்களுக்கு இடம் வந்தபின், கோப்பின் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான், இறுதியில் சேர்க்கை எண்ணோடுதான் என்று விதித்தீர்கள். முதுகுக்குப் பின்னால் சிரித்தோம், அதையும் அறிவீர்கள்.

அந்த விதியை நாங்கள் மதித்த லட்சணத்தில், சர்வரில் இரண்டு யுவஸ்ரீக்களின் சான்றிதழ்கள் எண்ணின்றிக் கிடந்தன: ஒருத்தி பெரிய எழுத்தில், ஒருத்தி சிறிய எழுத்தில். சர்வரில் ஓடும் லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகப் பார்க்கும், அதற்கு அவர்கள் இருவர்; மடிக்கணினியின் விண்டோஸ் அப்படிப் பிரித்துப் பார்க்காது, அதற்கு ஒருத்தியே. தாங்கள் அரக்கோணத்தில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்த நாளில் (பிரியாணி சுமார்தானாம், விசாரித்துவிட்டோம்), தற்காலிக எழுத்தர் டில்லிபாபு அவற்றைத் தம் மடிக்கணினிக்கு நகலெடுத்தார். “இப்பெயரில் ஒன்று இருக்கிறதே, மாற்றிவிடவா?” என்று அது கேட்க, “ஆங்” என்று அழுத்தினார். திருவாலங்காட்டு யுவஸ்ரீயின் மதிப்பெண், கே.ஜி.கண்டிகை யுவஸ்ரீயின் நர்சிங் விண்ணப்பத்தோடு போய்விட்டது.

மறுநாள் கண்டிகைப் பெண் அழுதுகொண்டே வந்தாள். “அஞ்சு மணிக்குள்ள சரியானது வரலைன்னா சீட்டு இல்லைன்றாங்க மேடம்.”

“அழாத கண்ணு. உன்னுது எங்கயும் போவல, சர்வர்லயே குந்திகினு இருக்குது” என்றீர்கள். இருவருக்கும் எண் சேர்த்துப் பெயரிட்டு, நாலு நாற்பதுக்கு அனுப்பினீர்கள். இடம் கிடைத்தது. இன்று அவள் மூன்றாமாண்டு மாணவி.

“யார் பண்ண வேலை இது?” என்று தலைமையாசிரியர் தணிகைமணி கேட்டபோது, டில்லிபாபு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெஷினுதாங்க சார். அதுக்கு வேலை போவாது, எவ்ளோ வேணா திட்டுங்க” என்றீர்கள்.

உண்மை எங்கள் அனைவருக்கும் தெரியும். எதையும் வாயில் வைத்திராத நாங்கள், தங்களுக்காக இந்த ஒன்றை மட்டும் இதுவரை விழுங்கி வைத்தோம். இன்று நிரந்தர எழுத்தராகிவிட்ட டில்லிபாபுவே, தாமாகக் கேட்டு வாங்கி, இம்மடலை வாசிக்கிறார். குரல் தடுமாறினால் மைக்கைக் குறை சொல்ல வேண்டாம்.

நோயின்றி, நிறைவோடு, யாருடைய தொலைபேசித் தொல்லையுமின்றி நெடுநாள் வாழ்க!

தங்கள் அன்பில் நனைந்த,
அலுவலகப் பணியாளர்கள், திருத்தணி